பீங்கான் கோலும் இரட்டைக் கிடாரியும்

முப்பத்தாறு வயதில் பணி ஓய்வு பெற்றவள் எழுதும் கட்டுரை இது. சிரிக்க வேண்டியவர்கள் இங்கேயே சிரித்துவிடுங்கள். சினை ஊசி போடும்போது, என் இடது கை தோள்வரை உள்ளே இருக்கும் நேரமாகப் பார்த்து ஒரு எருமை கீழே உட்கார்ந்துவிட்டது. எருமை மறுபடி எழுந்துகொண்டது. என் தோள் எழவில்லை. இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு களப்பணிக்கு ஆகாது என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தது. பன்னிரண்டு வருடக் கால்நடை ஆய்வாளர் வேலை அத்துடன் முடிந்தது.

இப்போது விருத்தாசலத்தில், புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதம் ஒரு வகுப்பு எடுக்கிறேன். போன வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். "அக்கா, இப்பதான் பொட்டக் கன்னா பொறக்குற மாதிரி பிரிச்ச ஊசி வந்துடுச்சே. இனிமே ஆணும் பெண்ணுமா ரெட்டக் கன்னு எங்க பொறக்கப் போவுது? அந்தக் கோல் கதைய எதுக்கு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கீங்க?"

நல்ல கேள்வி. ஆண், பெண் விந்தணுவைப் பிரித்த ஊசியிலும் எப்போதாவது ஒரு காளைக் கன்று பிறக்கத்தான் செய்கிறது. ஊரில் திரியும் காளைகளுக்குப் பிரிக்கத் தெரியாது. இவை இரண்டும் சின்னக் காரணங்கள். பெரிய காரணத்தைச் சொல்ல அந்தக் கதையை முழுதாக எழுத வேண்டும். எழுதுகிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது, வலிக்கிற கை உட்பட.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் பட்டியல் போடும் நோயோடும் வெளியே வந்தேன். வண்டிப் பெட்டியில் இருக்க வேண்டியவை பதினான்கு. மாட்டை அணுகும்போது செய்யக் கூடாதவை ஒன்பது. விந்து உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் கேனைத் திறக்குமுன் பார்க்க வேண்டியவை ஐந்து. என் கல்யாணத்துக்கே பட்டியல் போட்டவள் நான். அதில் தாலி ஏழாவதாக இருந்தது என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

என் முதல் மேலதிகாரி டாக்டர் செலின் மேடம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மருந்தகத்துக்கு எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வருவார். எட்டுக்கும் இல்லை, எட்டேகாலுக்கும் இல்லை. வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு முறுக்கைப் பாதியாக உடைத்து, பாதியைத் தின்றுவிட்டு மறுபாதியை உள்ளே வைப்பார். அந்த மறுபாதி மத்தியானம் ஒரு நல்ல கேஸ் வந்தால்தான் வெளியே வரும். நல்ல கேஸ் என்றால் மாடு பிழைத்தது என்று பொருள் இல்லை. என்ன நோய் என்று சந்தேகம் இல்லாமல் தெரிந்தது என்று பொருள்.

மாடுகளை "வாடி, என்னடி உனக்கு" என்பார். எங்களை அப்படிக்கூடக் கொஞ்ச மாட்டார். நாங்கள் எதைச் சொன்னாலும் மூன்று கேள்விகள் வரும். "யாரு பாத்தா? எதால பாத்தா? எப்பப் பாத்தா?" காய்ச்சல் என்றால், தெர்மாமீட்டரால் பார்த்தாயா, கையால் தொட்டுப் பார்த்தாயா? சினை என்றால், நீ பார்த்தாயா, மாட்டுக்காரர் சொன்னாரா? மூன்றுக்கும் பதில் இல்லாமல் அவர் எதையும் பதிவேட்டில் ஏற்ற மாட்டார். "ஒன் லிஸ்ட்ட நான் நம்புறேன் சுகன்யா. ஒன் அவசரத்ததான் நம்ப மாட்டேன்" என்று ஒரு நாள் சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

இரட்டைக் கன்று விஷயத்தைச் சொல்லித் தந்ததும் அவர்தான். அதைக் கேட்ட அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படி ஒரு வியப்பு.

ஒரு பசுவின் வயிற்றில் ஆணும் பெண்ணுமாக இரண்டு கன்றுகள் வளர்கின்றன. பெரும்பாலும் அந்த இரண்டின் நஞ்சுக்கொடிகளும் ஒட்டி, ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். ஆண் கன்றுக்கு விரை முதலில் உருவாகி, அதிலிருந்து ஹார்மோன்கள் சுரக்கத் தொடங்கும். அவை இணைந்த குழாய் வழியே தங்கையின் உடம்புக்கும் போகும். அவளுடைய கருப்பையும் சினைப்பையும் உருவாக வேண்டிய அதே வாரங்களில் அந்த ஹார்மோன்கள் குறுக்கே வந்து, அவற்றை உருவாக விடாமல் செய்துவிடும். பிறக்கும்போது அவள் பெண் கன்றுதான். காம்பு இருக்கும், கண்ணில் மை போட்ட மாதிரி அழகாகக்கூட இருப்பாள். இரண்டு வருடம் தீனி போட்டு வளர்த்தபின்தான் தெரியும், அவள் ஒருநாளும் பருவத்துக்கு வரப்போவதில்லை என்று. பிறப்பதற்கு ஏழு மாதம் முன்னால், சுண்டெலி அளவு இருந்தபோது, அண்ணனிடமிருந்து வந்த சில துளிகள் அவள் வாழ்க்கையை முடிவு செய்துவிட்டன. ஆங்கிலத்தில் ஃப்ரீமார்ட்டின் என்பார்கள். நம் பக்கம் மலட்டுக் கிடாரி என்பதோடு சரி.

ஆனால் எல்லாக் கன்றும் அப்படி இல்லை. பத்தில் ஒன்றுக்கும் குறைவாக, குழாய்கள் இணையாமலே போய்விடும். அந்தத் தங்கை முழுசாகத் தப்பித்துவிடுவாள். எது தப்பியது, எது தப்பவில்லை என்று இரண்டு வருடம் காத்திராமல் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. மலட்டுக் கன்றுக்குப் பிறப்புப் பாதை குட்டையாக இருக்கும். வழவழப்பான கோல் ஒன்றில் எண்ணெய் தடவி மெல்ல உள்ளே விட்டால், நல்ல கன்றில் தாராளமாகப் போகும்; மலட்டுக் கன்றில் பாதியிலேயே முட்டி நிற்கும். மேடம் எங்கள் மருந்தகத்துக்கென்று, ஒரு மாதக் கன்றுக்கு மூன்று வரியில் விதி எழுதிச் சுவரில் ஒட்டினார்.

பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல்: நல்லது.
பத்துக்குக் கீழ்: மலடு.
இடையில்: சொல்லாதே.

அந்த மூன்றாவது வரி எனக்குப் பிடிக்கவே இல்லை. பட்டியல் என்றால் அதில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்க வேண்டும். "சொல்லாதே" என்பது ஒரு இடமா?

புத்தகத்தில் இதற்குக் கண்ணாடிச் சோதனைக் குழாய் என்று போட்டிருக்கும். துள்ளுகிற கன்றுக்குள் கண்ணாடியை விட எனக்கு மனசு வரவில்லை. நம்ம ஊரில் பீங்கானுக்கா பஞ்சம்? எங்கள் தெருவில் இருந்த கொளஞ்சி அண்ணன் ஒரு செராமிக் யூனிட்டில் அச்சு வேலை பார்த்தார். ஃப்யூஸ் கட்டை, மின்கம்பத்துக் குமிழ், நவராத்திரி நெருங்கினால் பொம்மை. அவரிடம் ஒரு படம் வரைந்து கொடுத்தேன். சுண்டுவிரல் கனம், முனை உருண்டை, சென்டிமீட்டருக்கு ஒரு பழுப்புக் கோடு, மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு.

"எதுக்கும்மா இது?" என்றார். சொன்னேன். "பிள்ளையாருக்குத் தந்தம் செஞ்சிருக்கேன். இது புதுசு" என்றார்.

முதல் மூன்று கோல்கள் காயும்போதே வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டன. நான்காவதை நிற்க வைத்துச் சுட்டார். நேராக வந்தது. அதை நான் வாங்கிச் சோதித்த விதத்தைச் சொல்கிறேன். முனையைக் கன்னத்தில் உருட்டிப் பார்த்தேன், உரசவில்லை. கொதிநீரில் போட்டு எடுத்தேன், விரியவில்லை. பளபளப்பில் ஊசித்துளை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்தேன். மை தடவித் துடைத்தேன், கறை நிற்கவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலிருந்து போட்டேன், உடையவில்லை. ஐந்து சோதனை, ஐந்து டிக். அந்தக் கோலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும் போலிருந்தது.

அது வந்து மூன்றாம் வாரமே தனலட்சுமி அக்காவின் பசு இரட்டை போட்டிருந்த செய்தி கிடைத்தது.

கம்மாபுரத்துக்கு இந்தப் பக்கம், ரயில்வே கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர் வீடு. சுரங்கத்துக்காக அந்தப் பகுதியில் நிலம் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு மாற்று இடத்தில் வீட்டு மனை கொடுத்தாகிவிட்டது. தை பிறந்ததும் குடிபோக வேண்டும். புது மனையில் வீடு போக மிச்சம் இருந்தது ஒரே ஒரு மாடு கட்டும் இடம். பசு வயதானது, ஏழாவது ஈற்று. நஞ்சுக்கொடி விழாமல் காய்ச்சல் கண்டு படாத பாடு பட்டிருந்தது. இனி சினை பிடிக்காது என்று மேடமே சொல்லிவிட்டார். அதை எங்கள் மாவட்டத்து மங்களூரில் தங்கச்சி வீட்டில் விடுவதாக முடிவு. புது இடத்துக்குப் போக வேண்டியது இந்தக் கன்றுதான்.

"எங்க மாமியாரு கொண்டாந்த மாட்டோட வழிங்க இது" என்றார் அக்கா. அவருக்கு நானும் மேடம்தான். "நெலம் போச்சு, கெணறு போச்சு. இந்த ஒண்ணத்தான் கயித்தப் புடிச்சு அழச்சிக்கிட்டுப் போவலாம். இதுக்கு சினை நிக்குமா நிக்காதான்னு மட்டும் சொல்லுங்க மேடம். நிக்காதுன்னா ரெண்டையும் வியாபாரிகிட்ட ஏத்திவுட்டுடுறேன். மலட்டு மாட்டக் கட்டிவச்சுச் சோறு போட அங்க புல்லும் கெடையாது, பூமியும் கெடையாது."

செலின் மேடம் ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். கன்றுக்குச் சரியாக ஒரு மாதம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, செம்பழுப்பு உடம்பு. அக்கா தலையைப் பிடித்துக்கொண்டார். கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, மெல்ல விட்டேன். எங்கும் அழுத்தவில்லை. கோல் தானாக நின்ற இடத்தில் விரல் நகத்தை வைத்துக்கொண்டு வெளியே எடுத்தேன். மூன்று முறை. ஒன்பதரை, ஒன்பதரை, ஒன்பதரை.

பத்துக்குக் கீழ்.

எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுத ஆசை. உண்மையில் எனக்குள் ஒரு துள்ளல்தான் இருந்தது. என் கோல், என் அளவு, முதல் கண்டுபிடிப்பு! முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டு, "நிக்காதுக்கா" என்றேன். அக்கா கன்றின் தலையை விடவில்லை. "சரிங்க" என்றார். சிறிது நேரம் கழித்து மறுபடியும், "சரிங்க."

அன்று மாலை மேடத்துக்குப் போன் செய்தேன்.

"யாரு பாத்தா?"

"நான்தான் மேடம். மூணு தடவ."

"எதால பாத்த?"

"நம்ம பீங்கான் கோலால."

"கோல சரிபாத்தியா?"

"அஞ்சு டெஸ்ட் மேடம். அஞ்சும் ஓகே."

"வந்து ஒரு தடவ நானும் பாக்குறேன். அதுவரைக்கும் அந்தம்மாவ ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்லு" என்றார். நான் அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. ஒன்பதரை ஒன்பதரைதானே, யார் பார்த்தால் என்ன என்று விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையில் நான் மறைக்க நினைத்து மறைக்காமல் விடும் வாக்கியம் அது.

இரண்டு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போகும் வழியில் கொளஞ்சி அண்ணனின் யூனிட்டில் வண்டியை நிறுத்தினேன். மேடத்துக்கும் ஒரு கோல் செய்து வைத்தால் வந்ததும் அசந்துபோவார் என்று கணக்கு. அண்ணன் சுவரில் ஆணியில் செருகி வைத்திருந்த என் பழைய படத்தை எடுத்தார்.

"போன தடவ மாதிரியே சுருக்கம் கூட்டிச் செஞ்சுடவா?" என்றார்.

"சுருக்கத்த நீங்க எதுக்குண்ணே கூட்டுனீங்க?"

"என்னம்மா விருத்தாசலத்துல பொறந்துட்டு இப்பிடிக் கேக்குற? மண்ணு சூளைல போனா சுருங்கும்ல? பத்து வேணும்னா பதினொண்ணாத்தான் போடணும். ஒன் படத்துல இருந்த அளவுக்கு மேல நான் கூட்டிப் போட்டேன். இல்லன்னா ஒன் கோலு பென்சில் கணக்கா வந்திருக்கும்."

"அண்ணே, படத்துலயே நான் கூட்டித்தாண்ணே வரஞ்சேன்!"

"நீ எதுக்குக் கூட்டுன?"

"நானும் விருத்தாசலத்துலதாண்ணே பொறந்தேன்!"

வேறு எந்த ஊரிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. வேறு ஊர்க்காரி சுருக்கமே தெரியாமல் சரியான அளவை வரைந்து கொடுத்திருப்பாள், அண்ணன் கூட்டியிருப்பார், கோல் சரியாக வந்திருக்கும். பீங்கான் ஊரில் பிறந்த இரண்டு பேர் இருவருமே புத்திசாலியாக இருந்ததால் வந்த வினை இது. பெட்டியிலிருந்து எவர்சில்வர் ஸ்கேலை எடுத்துக் கோலின் பக்கத்தில் வைத்தேன். பத்தாவது கோடு பதினொன்றில் நின்றது. சுருக்கத்தைத்தான் சேர்த்துவிட்டோமே என்ற நம்பிக்கையில், ஐந்து சோதனை செய்த நான் இந்த ஒன்றைச் செய்யவே இல்லை. அந்த ஸ்கேல் இத்தனை நாளும் அதே பெட்டியில், கோலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

ஒன்பதரை என்று காட்டினால் உண்மையில் பத்தரை. பத்துக்குக் கீழ் இல்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லைக்கு வெளியே. வியாபாரி அன்று காலைதான் வருவதாக அக்கா சொல்லியிருந்தார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன், அந்த ஒரு பட்டியல் மட்டும் தவறவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ரயிலை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் இடையில் ஒரு கண் சிமிட்டும் நேரம் எதிர்ப்பக்கம் தெரிந்தது. ஒரு பஸ். இரண்டு பைக். ஒரு குட்டியானை வண்டி. அதன் பின்புறத்தில் ஒரு காளைக் கன்றும், நெற்றியில் வெள்ளைச் சுட்டியுள்ள செம்பழுப்புத் தலையும்.

கேட் திறந்ததும் வண்டியைக் கொண்டுபோய் அந்தக் குட்டியானைக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினேன். பின்னால் பஸ் ஹார்ன் அடித்துத் தள்ளியது.

"ஏம்மா, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று இறங்கினார் வியாபாரி செல்வராசு.

"அண்ணே, அந்தப் பொட்டக் கன்ன எறக்குங்க. அது மலடுன்னு நான் சொன்னது தப்பு. என் கோல் தப்பு."

"அப்ப அது நிக்குமா?"

"அளந்து பாத்துச் சொல்றேன்."

கேட் பக்கத்து டீக்கடையில் வெந்நீர் வாங்கினேன். கேட்டில் நின்ற அத்தனை பேரும் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். டீ மாஸ்டர் கன்றின் தலையைப் பிடித்தார். கோலை விட்டு, நகத்தை வைத்து எடுத்து, இந்த முறை கோட்டைப் பார்க்காமல் ஸ்கேலில் வைத்தேன். பத்தரை. மறுபடி. பத்தரை. சுவரில் ஒட்டியிருந்த மூன்றாவது வரி என் கண் முன்னால் வந்து நின்றது.

"என்னம்மா, நிக்குமா?"

"தெரியலண்ணே."

கூட்டம் சிரித்தது. பஸ் கண்டக்டர்கூடச் சிரித்தார். "தெரியலன்னு சொல்றதுக்கா ரோட்ட மறிச்ச?" என்றார் செல்வராசு.

"ஆமாண்ணே. தெரியும்னு சொல்லித்தான் அந்தக்கா உங்ககிட்ட ஏத்திட்டாங்க. தெரியலன்னு சொல்லியிருந்தா ஏத்தியிருக்க மாட்டாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் ஒரு முறை இருந்தது. "கயிறு மாத்தியாச்சும்மா. பழைய கயிறு அந்தம்மாகிட்ட இருக்குது, எங்கயிறுதான் இப்ப கன்னு கழுத்துல இருக்குது. வித்தது வித்ததுதான். வேணும்னா அந்தம்மா பழைய கயித்தோட வந்து, எங்கயித்த அவுத்துட்டு அதக் கட்டட்டும். வித்தவங்க கையால நடக்கணும். ஒன் பேச்சுக்கு எறக்குனேன்னா நாளைக்குச் சந்தையில எவன் என்ன மதிப்பான்? ரெண்டு டீ குடிக்கிற நேரம் தரேன்."

டீ மாஸ்டர் அக்காவைக் கூட்டிவரத் தன் மகளைச் சைக்கிளில் விரட்டினார். செல்வராசு ஒரு டீ குடித்தார். இரண்டாவது டீயை ஊதி ஊதிக் குடித்தார். வேண்டுமென்றே ஊதினார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். டம்ளரில் அடி தெரியும்போது தண்டவாளத்தின் ஓரமாகத் தனலட்சுமி அக்கா ஓடிவந்தார். செருப்பு இல்லை. வலது கையில் பழைய சணல் கயிறு சுருண்டிருந்தது.

"நிக்குமா மேடம்?" என்றார் மூச்சு வாங்க.

"தெரியாதுக்கா. ரத்தம் எடுத்து அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் வித்துடாதீங்க. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. புதுக் கயிற்றை அவிழ்த்து, அந்தக் கன்றுக்கு வாங்கிய பணத்தோடு செல்வராசுவிடம் கொடுத்துவிட்டு, பழையதைக் கட்டினார். காளைக் கன்று வண்டியோடு போயிற்று. தங்கை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

மேடம் ஊரிலிருந்து வந்த அன்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், போனில் அவர் சொன்னதை நான் அக்காவிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. அவர் கோலை வாங்கினார். ஸ்கேலை வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த விதியை எடுத்து, மூன்று வரிக்கும் மேலே ஒரு வரி எழுதினார்: "கோலை அளந்தபின் கன்றை அளக்கவும்." பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "நீ என்ன தப்புப் பண்ணன்னு நீயே எழுது. எதால பாத்தன்ற எடத்துல முழுசா எழுது." எழுதினேன். ஒரு பக்கம் ஆயிற்று. அன்று முறுக்கு வெளியே வரவில்லை.

கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்தோம். ஊதா மூடிக் குழாய், ஐஸ் டப்பா. சென்னையில் மேடத்துக்குத் தெரிந்த ஆய்வகம் இருந்தது. பார்சலில் போடச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ஜங்ஷனில் ரயில் ஏறி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நானே போய்க் கொடுத்தேன்.

அந்தச் சோதனையும் ஒரு அதிசயம். வயிற்றுக்குள் குழாய்கள் இணைந்திருந்தால், ஹார்மோன் மட்டும் வருவதில்லை. அண்ணனின் ரத்த அணுக்களும் வந்து தங்கையின் எலும்பு மஜ்ஜையில் குடியேறிவிடும். அண்ணன் எங்கே போனாலும் சரி, அவள் ரத்தத்தில் அவனுடைய ஆண் அணுக்கள் பிறந்துகொண்டே இருக்கும். தேடினால் கிடைக்கும். கிடைத்தால் மலடு. ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால், அந்த இருவருக்கும் நடுவே கதவு திறக்கவே இல்லை என்று பொருள்.

பன்னிரண்டாம் நாள் மேடத்துக்குப் போன் வந்தது. அவர் பேசியது நாலே வார்த்தை. "யாரு பாத்தா? எதால? சரி." போனை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். பாதி முறுக்கை எடுத்தார். அதை மறுபடி இரண்டாக உடைத்து, கால் முறுக்கை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணுகூட இல்லையாம்" என்றார்.

நான் மருந்தகத்து வாசலில் நின்று கத்தினேன். ஊசிக்குக் காத்திருந்த ஒரு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

தையில் அவர்கள் புது மனைக்குக் குடிபோனார்கள். கிடாரியும் போனது. ரத்தம் சொன்னது சரிதான். ஆனாலும் நான் அதன் பிறகு நாள் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்றரை வயதாகியும் பருவத்துக்கு வரவில்லை. புல் குறைவு, வளர்ச்சி குறைவு என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். தாது உப்புக் கொடுத்தோம். இன்னும் இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலை ஆறரைக்குப் போன்.

"மேடம், விடியக்காலயிலேர்ந்து கத்துதுங்க. தீனி எடுக்கல. பக்கத்து வூட்டுக்காரங்க வந்து சண்ட போட்டுட்டுப் போறாங்க, ஸ்கூலுக்குப் போற புள்ளைங்க எழுந்துடுச்சாம்."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"கத்தட்டும்னு சொல்லிட்டேன்."

போனை மாட்டுப் பக்கம் நீட்டினார். அடித் தொண்டையிலிருந்து, நீளமாக, வெட்கமே இல்லாமல் ஒரு கத்தல். நான் அப்படியே மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், தனலட்சுமி அக்கா மாடு பருவத்துக்கு வந்துடுச்சு!"

"யாரு பாத்தா? எதால?"

"பாக்கல மேடம். காதால கேட்டேன். இப்பத்தான், ஆறு முப்பத்தி நாலு."

"காலைல கத்துனா சாயங்காலம் ஊசி. நீயே போடு" என்றார். குரலில் முறுக்குச் சத்தம் கேட்டது. எட்டு பத்துக்கு முன்னால் அவர் முறுக்குத் தின்று நான் கேட்டது அன்றுதான்.

மூன்று மாதம் கழித்துச் சினை பார்க்கப் போனேன். அப்போது என் தோள் நன்றாக இருந்தது. கையுறை மாட்டி, மெல்ல உள்ளே விட்டு, கீழ்ப்பக்கமாகத் தடவினேன். கருப்பை இருந்தது. உருவாகாமலே போயிருக்கக் கூடிய அந்தக் கருப்பை என் உள்ளங்கையில் முழுசாக இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்த பலூனைப் போலக் கனத்திருந்தது. லேசாகத் தட்டினேன். உள்ளே ஏதோ ஒன்று விலகிப் போய், திரும்பி வந்து என் விரலில் இடித்தது. எத்தனையோ மாட்டில் அதை உணர்ந்திருக்கிறேன். அன்று மட்டும் இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன்.

"நின்னுடுச்சுக்கா!" என்றேன், கையை வெளியே எடுக்காமலே.

அக்கா கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். அதே சணல் கயிறு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சந்தேகமாகக் கேட்டார்.

"ஒண்ணா, ரெண்டா மேடம்?"

மறுபடியும் தடவிப் பார்த்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நிதானமாக. ஒன்றுதான் என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான்.

"தெரியலக்கா. இன்னும் ஒரு மாசம் போவட்டும்."

தனலட்சுமி அக்கா சிரித்த சிரிப்பில் மாடே திரும்பிப் பார்த்தது.

"இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நான் செருப்புகூடப் போடாம கயித்த எடுத்துக்கிட்டு ஓடியிருக்க வேணாமில்ல?"